குவிமாடத்தில் ஒரு கோழி

இப்போது குவிமாடம் பெட்டியில் வருகிறது. ஏதோ ஒரு கம்பெனியில் ஃபைபரில் அச்சடித்து, துண்டுக்குத் துண்டு நம்பர் போட்டு, தெர்மாகோல் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். நம்பரைப் பார்த்து போல்ட்டை முறுக்கினால் தலைக்கு மேல் வானம் தயார். போன மாதம் எங்கள் பழைய கத்தார் லேபர் கேம்ப் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு வீடியோ வந்தது. கூடவே ஒருவன் எழுதியிருந்தான்: "டபுள் அண்ணே, இதப் பாத்ததும் ஒங்க நெனப்புதான். அந்தக் கோழி விஷயத்த நீங்களே எழுதிருங்க. நாங்க சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்."

வீடியோவில் என் கண்ணில் முதலில் பட்டது, ஒரு போல்ட்டுக்கு வாஷர் இல்லை என்பதுதான். அதைச் சொன்னேன். குழு முழுக்கச் சிரிப்புப் படங்களாக வந்து விழுந்தன.

சிரிக்கட்டும். நான் பயந்து பயந்தே வேலை பார்த்தவன். ரூமைப் பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கி, மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பவன். ஆனால் கத்தாரில் நான் பார்த்த வேலைகளில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஒன்று இருக்கிறதென்றால், அது அந்தப் பயம் கட்டிய குவிமாடம்தான்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அறந்தாங்கியிலிருந்து சித்தப்பாவோடு மெட்ராசுக்குப் போய் ஜிப்சம் சீலிங் வேலையில் சேர்ந்தேன். வேலையின் உயிர் முடிச்சில் இருக்கிறது. வார்த்த சீலிங் துண்டைக் கம்பியில் தொங்கவிட்டு, தேங்காய் நாரை ஜிப்சம் கரைசலில் முக்கி, கம்பியைச் சுற்றித் துண்டின் முதுகில் அப்ப வேண்டும். இறுகிவிட்டால் கல். இதைத்தான் முடிச்சு என்போம். ஒருநாள் நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில், உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சீலிங் துண்டு விழுந்து நொறுங்கியது. ஒற்றைக் கம்பி, அறுந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கே ஒரு முடிச்சுப் போட்டாலும் ஒரு ஜாண் தள்ளி இன்னொரு கம்பியில் இன்னொன்று போடுவேன். யார் திட்டினாலும் போடுவேன். கத்தாரில் இறங்கிய முதல் வாரமே முருகேசன் என்ற பேர் போய் 'டபுள்' என்ற பேர் வந்துவிட்டது.

அந்தப் பேரை வைத்தவர் எங்கள் ஃபோர்மேன் ஜமால் பாய், கீழக்கரைக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் பால் விடாத சுலைமானி டீ கிளாஸோடு சைட்டுக்குள் வருவார். யாரிடமும் பேச மாட்டார். முந்தின நாள் வேலையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். டொக், டொக், டொக். எங்காவது சத்தம் மாறினால் நின்று, மறுபடி தட்டி, வேலை செய்தவனை ஒரு பார்வை பார்ப்பார். அவன் தானாகவே சுத்தியலை எடுத்து அதை உடைக்க ஆரம்பிப்பான். நன்றாக இருந்தால் "சரி, அடுத்தது" என்பார். அவர் பாராட்டு அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்காக நாங்கள் வெயிலில் செத்திருக்கிறோம்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். தோஹாவில் ஒரு அர்பாப், அதாவது எங்கள் வேலைக்குச் சொந்தக்கார முதலாளி, கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். வயதானவர். குடும்பத்தோடு ரோமுக்குப் போய்வந்தவர். அங்கே மண்ணுக்கடியில் ஒரு ராஜாவின் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு மதியம் போட்டோக்களோடு சைட்டுக்கு வந்து, சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, அரபியும் உருதுவுமாக எங்களுக்குக் கதை சொன்னார். பாய் தமிழில் சொன்னார்.

"ரோமாபுரி பத்தி எரிஞ்சுபோச்சாம். எரிஞ்ச எடத்த வளைச்சுப்போட்டு நீரோன்னு ஒரு ராஜா தனக்கு அரமன கட்டிக்கிட்டான். செவுரெல்லாம் தங்கத் தகடு. நடுவுல ஏரி வெட்டி வுட்டான். சாப்புடுற கூடத்துல சீலிங்குலேர்ந்து பூ கொட்டுமாம், அத்தர் தெளிக்குமாம்."

"சீலிங்குலேர்ந்தா? எந்தக் கம்பெனி பாய் வேல பாத்துச்சு?" என்று ஒருவன் கேட்டான்.

"ஒன்னய மாதிரி இடையில பேசுறவன் எவனும் இல்லாத கம்பெனி. கேளுடா. ராஜா செத்தான். அவன் பேரக் கேட்டாலே ஊருக்கு ஆகல. அடுத்து வந்தவனுங்க ஏரிய வத்தவச்சு, அந்த எடத்துல பெரிய வெளயாட்டு அரங்கம் கட்டிட்டானுங்க. அரமனையில பளிங்க உரிச்சான், தங்கத்த உரிச்சான். அப்பறம் கூடத்துக்குள்ள மேல வரைக்கும் மண்ண ரொப்பி, அதுக்கு மேல குளியல் மண்டபம் கட்டிட்டான். கலாஸ், கத முடிஞ்சுது."

"அவ்வளவுதானா?"

"ஆயிரம் வருஷத்துக்கு மேல அவ்வளவுதான். அப்பறம் அந்த மேட்டு மேல போன ஒருத்தன் பொந்துக்குள்ள விழுந்தான். ஏதோ குகைன்னு நெனச்சு வெளக்கக் காட்டிப் பாத்தா, தலைக்கு மேல பறவையும் கொடியும் பூவுமா வரைஞ்சிருக்கு. விஷயம் தெரிஞ்சு பெரிய பெரிய ஓவியக்காரனெல்லாம் இடுப்புல கயிறு கட்டி எறங்கி, மண்ணுக்கும் மேக்கூரைக்கும் நடுவுல படுத்துக்கிட்டே பாத்து வரஞ்சுக்கிட்டுப் போனானாம்."

எனக்கு வேறு கவலை. "பாய், அவ்வளவு மண்ணு ரொப்பியும் அந்தக் குவிஞ்ச மேக்கூர, அந்த டூமு, எப்புடி ஒடையாம இருந்துச்சுன்னு கேளுங்க."

பாய் கேட்டார். அர்பாப் சிரித்தார். சொன்னதைப் பாய் சொன்னார்: "மண்ணுதான் காப்பாத்துச்சாம். காத்து இல்ல, வெளிச்சம் இல்ல, தொடுறதுக்கு ஆளும் இல்ல. மூடுனவன் காப்பாத்தணும்னு மூடலடா. இடிக்கச் சோம்பல்பட்டு மூடிருக்கான்."

அந்த அரண்மனையில் எட்டு மூலைக் கூடம் ஒன்று இருக்கிறது. மேலே குவிமாடம், அதன் உச்சியில் வானம் தெரிகிற வட்ட ஓட்டை. அர்பாப் கேட்டது அதே மாதிரி ஒன்று. உச்சியில் நிஜ வானத்துக்குப் பதில் நீல விளக்கு. ஒரே ஒரு மாற்றம்: ரோமில் வரைந்திருந்த மனித முகங்களும் பாதி மிருகம் பாதி மனிதன் உருவங்களும் வேண்டாம். பறவை, கொடி, பூ மட்டும்.

குவிமாடத்தை எட்டு இதழ்களாக, எட்டுத் துண்டுகளாக வார்த்தோம். வெயில் காலம். தோஹாவில் அப்போது டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியாது. சூட்டுத் தண்ணீரில் ஜிப்சம் போட்டால் கலக்குவதற்குள் சட்டியிலேயே இறுகிவிடும். அதனால் ஐஸ் கட்டி வாங்கிப் போட்டோம். அதற்கும் அடங்காத நாளில் எலுமிச்சம்பழம் பிழிவேன். புளிப்புப் பட்டால் ஜிப்சம் கொஞ்சம் நிதானமாக இறுகும். பாய் ஒருநாள் பழக்கூடையைப் பார்த்துவிட்டு, "டபுள், இது டூமுக்கா, பிரியாணிக்கா?" என்றார். தூளைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைத் தூளில் ஊற்றக் கூடாது. தூவிவிட்டுக் கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். அது தானாகக் குடித்து முடித்த பிறகுதான் கலக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் எனக்குக் கஷ்டம். அந்த நேரம் முழுக்க ஏதாவது விபரீதம் தோன்றிக்கொண்டே இருக்கும்.

இதழ்களை மேலே ஏற்றி முடிச்சுப் போடும்போது வழக்கம்போல ஒரு ஜாண் தள்ளி இரண்டாவது வரிசையும் போட்டேன். "யல்லா, சீக்கிரம், நாள் போகுது, பாத்தது போதும்" என்று சைட் மேனேஜர் கத்தினார். பாய் தட்டிப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். சுத்தியல் எடுக்கச் சொல்கிற பார்வை இல்லை அது. "போடட்டும் வுடுங்க. இல்லன்னா நமக்குத்தான் தூக்கம் கெடும்" என்று மேனேஜரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

வரைந்தவர் ஒரு பங்களாதேஷ்காரர். கொக்கு, மயில், புறா என்று குவிமாடம் நிரம்பிக்கொண்டிருந்தபோது, அர்பாப் தன் கடைசிப் பெண்ணோடு வந்தார். பேர் நூரா. பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளை. அண்ணாந்து பார்த்து எல்லாப் பறவைகளையும் எண்ணிவிட்டு, "தஜாஜ் எங்கே?" என்று கேட்டாள். தஜாஜ் என்றால் கோழி. அவள் வீட்டில் ஒன்று வளர்க்கிறாளாம்.

நாங்கள் சிரித்துவிட்டோம். அர்பாப் சிரிக்கவில்லை. ஓவியரைப் பார்த்து, "ராஜாவின் மேல்கூரையில் கோழி வை" என்றார். அப்படித்தான் கிழக்குப் பக்க இதழில், திராட்சைக் கொடிக்கு நடுவில், வெள்ளைக் கோழி ஒன்று கொண்டையோடு நின்றது.

மண்டபம் திறந்தார்கள். கல்யாணங்கள் நடந்தன. கொஞ்ச காலம்தான். அர்பாப் இறந்துபோனார். மகன்களுக்கு வேறு தொழில்கள். மண்டபத்தை ஒரு ஃபர்னிச்சர் ஷோரூமுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஷோரூம் மேனேஜருக்குக் குவிமாடம் பிடிக்கவில்லை. ஏசி குளிரெல்லாம் மேலே போய்விடுகிறதாம். வெள்ளையாக, தட்டையாக, தாழ்வாக ஒரு சீலிங் வேண்டும், பழையதை உடைத்து எறியுங்கள் என்றார். வேலை எங்கள் கம்பெனிக்கே வந்தது. கட்டிய கையாலேயே உடைக்க வேண்டும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பாய் நேராக மேனேஜரிடம் போனார். நானும் பின்னால் போனேன். குவிமாடத்தின் அழகைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சாப், ஒடைக்கலாம். மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா தூசி அடங்க வாரக்கணக்குல ஆகும். ஒங்க சோஃபாவெல்லாம் வெள்ளை மாவாயிரும். கீழ தட்டையா ஒரு சீலிங் போட்டா சட்டுன்னு முடிஞ்சிரும். மேல என்ன இருந்தா ஒங்களுக்கென்ன?" என்று இந்தியில் சொன்னார்.

மேனேஜர் சோஃபாக்களைப் பார்த்தார். "யல்லா, மூடு" என்றார்.

வெளியே வந்ததும் பாய் சொன்னார்: "ரோமாபுரியிலயும் இப்புடித்தான்டா நடந்திருக்கும்."

அடுத்த கவலை எனக்கு உடனே வந்துவிட்டது. தட்டை சீலிங்கை எதில் தொங்கவிடுவது? குவிமாடத்தில் துளை போட்டுத் தொங்கவிட்டால் அது விரிசல் விடும். "பாய், ஒரு துளைகூட அதுல போட வேணாம். செவுத்துக்குச் செவுரு இரும்புச் சேனல் வச்சு அதுல தொங்கவிடுவோம்" என்றேன். கூடுதல் வேலை. ஆனால் பாய் தலையாட்டினார். ஒரு மூலையில் ஆள் நுழைகிற அளவுக்குக் கதவும் வைத்தோம். கடைசிப் பலகை மூடும்போது விளக்கடித்துப் பார்த்தேன். கோழி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூடிவிட்டு இறங்கினோம்.

வருஷங்கள் போயின. வேறு வேறு சைட்டுகள். நாங்கள் தங்கியிருந்த நஜ்மா பகுதியில் ஒரு மெஸ்ஸில்தான் சாப்பாடு. அங்கே எங்களோடு சாப்பிடுகிற ஒரு மலையாளி, ஏசி மெக்கானிக். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"பாய், நேத்து ஒரு காலி ஷோரூம்ல ஏசி பைப் லீக் நோக்கான் போயி. சீலிங்குக்கு மேல கயறி டார்ச் அடிச்சா... ஒரு கோழி!"

"உயிரோடயா?" என்று ஒருவன் கேட்டான்.

"அல்லடா, வரைஞ்ச கோழி! அதின்டெ சுத்தும் பறவை, பூவு, என்னெல்லாமோ. பயந்து போயி ஞான்."

பாய் சோறு பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் கேட்ட முதல் கேள்வி, "லீக்கா? எந்தப் பக்கம் லீக்கு?" என்பதுதான்.

கிழக்குப் பக்கம். கோழி இருக்கிற இதழ்.

அன்று சாயங்காலமே பாய் சட்டை மாற்றிக்கொண்டு அர்பாப் வீட்டுக்குப் போனார். ஷோரூம் காலியாகிவிட்டது. நூராவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகன்கள் ஹோட்டலில் வைக்கப் பேசியிருந்தார்கள். அப்பாவின் மண்டபத்தில் இருந்த குவிமாடத்தை உடைத்துவிட்டார்கள் என்றுதான் அந்தக் குடும்பமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பாய் விஷயத்தைச் சொன்னதும் மூத்த மகன் உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "தஜாஜ்? தஜாஜ் இருக்கிறதா?"

"இருக்குதும்மா" என்று பாய் பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டாராம். பிறகுதான் அரபியில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். கல்யாணம் என்றால் பாபா கட்டிய மண்டபத்தில், அந்தக் கோழிக்குக் கீழே. அண்ணன்மார் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: எஞ்சினியர் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை பெண்களும் குழந்தைகளும் கூடுகிற இடம், தலைக்கு மேல் ஈரம் குடித்த ஜிப்சம். நியாயமான பேச்சு. என்னைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எஞ்சினியர் சூடான்காரர். உயரமானவர், அமைதியானவர். தட்டை சீலிங்கைப் பிரித்துக் குவிமாடத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஓவியம் முந்தாநாள் முடிந்தது போல இருந்தது. கிழக்கு இதழில் மட்டும் பழுப்பாக ஒரு கறை, கோழியின் காலடி வரை இறங்கியிருந்தது. அவர் சொன்னதைப் பாய் சொன்னார்: "இந்த இதழ்ல ஜிப்சம் மூட்டையத் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க வைக்கணும். விரிசல் இல்லன்னா கையெழுத்து. விரிசல் கண்டா எட்டையும் எறக்கிரணுமாம். முதல்ல மேல போயி முடிச்சப் பாத்துட்டு வரச் சொல்றாரு."

மேலே போவது யார் என்று கேட்க வேண்டியதில்லை. கான்கிரீட் தளத்துக்கும் குவிமாடத்துக்கும் நடுவில் வயிற்றால் ஊர்ந்துதான் போக முடியும். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் போட்டிருந்த பலகை மேல் ஊர்ந்தேன். அந்த ஓவியக்காரர்கள் படுத்துக்கொண்டு பார்த்தது நினைவு வந்தது. அவர்கள் பறவையைப் பார்த்தார்கள். நான் பார்க்க வேண்டியது கம்பியை.

முதல் வரிசைக் கம்பியைத் தொட்டேன். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அடுத்ததும் உதிர்ந்தது. அதற்கடுத்ததும். தண்ணீர் வழிந்த பாதையில் இருந்த கீழ் வரிசை மொத்தமும் துருவாகிக் கிடந்தது. கையை ஒரு ஜாண் மேலே நகர்த்தினேன். இரண்டாவது முடிச்சு. வறண்டு, கல்லாக, கம்பி புதுசு போல மின்னிக்கொண்டு இருந்தது. பக்கத்து முடிச்சும் அப்படியே. அந்த வரிசை முழுக்க அப்படியே. ஈரம் அதுவரை ஏறவே இல்லை. இதழின் பாரம் மொத்தத்தையும் அதுதான் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"டபுள்! என்னாச்சுடா?" என்று கீழிருந்து பாய் குரல்.

"ஒண்ணு போச்சு பாய். ஒண்ணு இருக்கு!"

மறுநாள் காலை மூட்டைகளைக் கட்டினோம். பலகைச் சட்டம் வைத்து, எஞ்சினியர் காட்டிய இடங்களில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். கடைசி மூட்டை ஏறியதும் எல்லோரும் விலகி நின்றோம். பாய் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய்க் கோழிக்கு நேர் கீழே போட்டு, சுலைமானியோடு உட்கார்ந்தார். எஞ்சினியர் பதறிப்போய் அரபியில் கத்தினார்.

"கால் வலிக்குதுங்கிறேன், கேக்க மாட்டேங்கிறாரு" என்றார் பாய் எங்களைப் பார்த்து. கடைசியில் நாங்கள்தான் நாற்காலியோடு அவரைத் தூக்கி வெளியே வைத்தோம்.

நாள் முழுக்க நான் அந்த இதழிலிருந்து கண் எடுக்கவில்லை. மறுநாள் காலை எஞ்சினியர் ஏணியில் ஏறி, லென்ஸ் வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். இறங்கி வந்தார். "கலாஸ். நன்றாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன்" என்று பேனாவைத் திறந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குத்தான் ஆறவில்லை. "பாய், இன்னும் அவ்வளவு மூட்டையத் தொங்கவிடச் சொல்லுங்க."

"டேய், பாஸ் போட்டுட்டான்டா. வாய மூடு."

"பொம்பளப் புள்ளைங்க ஆடுவாங்க பாய். மேளம் அடிப்பாங்க. அதிரும்ல?"

பாய் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். நானே எஞ்சினியர் முன்னால் போய் நின்றேன். எனக்கு இங்கிலீஷும் வராது, அரபியும் வராது. மூட்டைகளைக் காட்டி இரண்டு விரலை நீட்டி, "சாப், டபுள்" என்றேன்.

எங்கள் ஆட்கள் வெடித்துச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எஞ்சினியர் கேட்க, பாய் வேறு வழியில்லாமல் என் பேர்க் கதையைச் சொன்னார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. பாதிப் போட்ட கையெழுத்தை அப்படியே விட்டுப் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "டபுள்" என்று தலையாட்டினார்.

இரட்டைப் பாரத்தோடு இன்னொரு நாள். முடி அளவு விரிசல்கூட இல்லை. கோழி ஒரு இறகும் உதிர்க்கவில்லை. அவர் இரண்டாவது தடவை பேனாவைத் திறந்தபோது, கை தட்டியவர்களில் நானும் இருந்தேன். பிறகு கீழ் வரிசை முழுக்கப் புதுக் கம்பி, புது முடிச்சு. கறை படிந்த இடத்தை அதே நிறத்தில் தொட்டு மறைத்தார்கள். கோழியை யாரும் தொடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் நூரா அண்ணன்மாரோடு வந்தாள். நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். அவள் நடு வட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கோழியைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. கறுப்பு அபாயா அங்கியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் எண்ணியது போலவே விரல் நீட்டி எல்லாப் பறவைகளையும் மறுபடி எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை.

கல்யாண மண்டபத்துக்குள் பெண்கள் மட்டும்தான். ஆண்கள் போக முடியாது. நானும் பாயும் சாயங்காலம் எதிர் வரிசையில் பார்க்கிங் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். கார் காராக வந்து இறங்கினார்கள். மேளம் ஆரம்பித்தது. பொண்ணு உள்ளே வந்த நேரமாக இருக்க வேண்டும், திடீரென்று குலவை எழுந்தது. நம் ஊர்க் குலவையேதான். நூறு பேர் சேர்ந்து நாக்கைச் சுழற்றுகிற அந்தச் சத்தம் குவிமாடத்தில் ஏறி, சுற்றி, இரண்டு மடங்காகி வெளியே வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், நடுவில் எங்காவது ஒரு சின்ன டக் சத்தம் வருகிறதா என்று.

வரவில்லை. குலவை மட்டும்தான். அது அடங்கி மறுபடி எழுந்தது.

பாய் உட்கார்ந்திருந்த சிமெண்ட் கட்டையை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினார்.

"சரி" என்றார்.

வழக்கமாகக் கூடவே வருகிற அந்த இரண்டாவது வார்த்தைக்குக் காத்திருந்தேன். அடுத்தது என்று அவர் சொல்லவே இல்லை.